அடுக்களையில் மேடும் பள்ளமும்

வீட்டுக்கு வீடு வாசற்படி உண்டு என்பார்கள். வீட்டுக்கு வீடு அடுக்களைத் தரையில் ஒரு பள்ளமும் உண்டு. அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறதென்று வீட்டு எஜமானரைக் கேட்டால் அவர் விழிப்பார். எஜமானியைக் கேட்டாலோ, விளக்கை அணைத்துவிட்டுக் கும்மிருட்டில் நடந்துபோய், "இதோ, இங்கே" என்று காலை வைத்துக் காட்டுவாள். தினம் ஐம்பது தடவை அந்த இடத்தைத் தாண்டி நடப்பவள் அவள். அங்கே தேங்கும் ஜலத்தைத் துணி போட்டு ஒற்றி எடுப்பவளும் அவள்தான்.

பழைய தரையை மாற்றிப் புதிதாக டைல் பதிப்பது என்று ஒரு குடும்பத்தில் முடிவாகிவிட்டால், அடுத்த நாளே அனைவரும் கடைக்குப் புறப்படுகின்றனர். சந்தன வர்ணமா, சாம்பல் வர்ணமா? பூப்போட்டதா, போடாததா? இரண்டடிக்கு இரண்டடியா, ஓரடிக்கு ஓரடியா? இந்த விவாதம் ஒரு வாரம் நடக்கிறது. மேலே வரப்போகும் டைலுக்கு இவ்வளவு ஆலோசனை. அது உட்காரப்போகும் அடித்தளத்தைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை. "அதையெல்லாம் கொத்தனார் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். கொத்தனார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

டைல் என்பது ஜமக்காளம் அன்று. ஜமக்காளத்தை மேடு பள்ளத்தின்மீது விரித்தால் அது தரையோடு தரையாக வளைந்து கொடுக்கும். டைலுக்கு வளையத் தெரியாது. பள்ளத்தின்மீது வைத்தால் அதன் கீழே வெற்றிடம் விழும். மேட்டின்மீது வைத்தால் ஊஞ்சல்போல் ஒரு பக்கம் தூக்கும். அதைச் சமாளிக்க, டைலின் முதுகில் ஐந்து இடத்தில் லட்டு லட்டாகக் கலவையை வைத்து, தரையில் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார்த்திவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தால், லட்டு இருக்கும் இடத்தில் 'டக்' என்று கெட்டியாகவும், இல்லாத இடத்தில் 'டொக்' என்று பொள்ளலாகவும் ஒலிக்கும். அந்தப் பொள்ளலின்மீது ஒரு நாள் இரும்புலக்கையோ, குழவியோ, நிறைகுடமோ கை நழுவி விழும். அன்று டைல் விரியும். விரிசலில் புளிஜலமும் எண்ணெயும் இறங்கும். அதைத் தேடிக்கொண்டு எறும்பும் கரப்பானும் வரும்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பத்தடிக்குப் பத்தடி அடுக்களை. நாற்பது வருஷத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை, நடுவிலே ஓர் அங்குலத்துக்கு மேல் உள்வாங்கியிருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் அதன்மீதே இரண்டடிச் சதுரப் பளிங்கு டைல்களைப் பதித்து, மூன்று நாளில் வேலையை முடித்துக் கூலியும் வாங்கிப் போய்விட்டார். பள்ளத்தை நிரப்பவில்லை, டைல்களையே சிறிது சிறிதாகச் சாய்த்துப் பள்ளத்துக்குள் இறக்கியிருந்தார். ஜலதாரை இருக்கும் மூலை நடுவிடத்தைவிட உயர்ந்து போயிற்று. பாத்திரம் கழுவிய ஜலம் அத்தனையும் நடுவில் வந்து நின்றது. முன்பெல்லாம் சொரசொரத்த சிமெண்டில் நின்ற ஜலம் கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்கும் பிடிமானம் இருந்தது. மின்னுகிற டைலின்மேல் நின்ற ஜலமோ கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றாம் மாதத்தில் அவ்வீட்டுப் பாட்டி விடியற்காலையில் பால் காய்ச்சப் போனவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எழுபது வயதுக்கு மேல் எலும்பு கூடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விழுந்தது இடுப்பெலும்பாக இருந்திருந்தால் அவள் மறுபடி எழுந்து நடமாடியிருப்பாளா என்பதே சந்தேகம்.

ஆகையால், டைலைப் பற்றிப் பேசுமுன் தரையைப் பற்றிப் பேசுவோம்.

அடுக்களைத் தரையில் மேடு பள்ளம் எப்படி உண்டாகிறது? எல்லாப் பள்ளமும் ஒரே ஜாதி அல்ல. முதலாவது, வேண்டுமென்றே செய்த சாய்வு. நம் முன்னோர் அடுக்களையைத் தினந்தோறும் ஜலம் விட்டுக் கழுவியவர்கள். அதற்காகவே தரையை ஜலதாரைப் பக்கம் வாட்டமாக அமைத்தார்கள். இது குறையல்ல, குணம். இதைக் குறையென்று எண்ணி நிரப்பிவிட்டுப் பிற்பாடு திண்டாடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, ஆட்டுக்கல் இருந்த இடம். கல்லைப் பெயர்த்துக் கொல்லையில் போட்டபின், குழியில் உடைகல்லையும் மண்ணையும் கொட்டி மேலே இரண்டு கரண்டி சிமெண்டு பூசியிருப்பார்கள். நாளடைவில் மண் அமுங்கும். மேற்பூச்சு கிண்ணம்போல் குழியும். மூன்றாவது, தரை முழுவதுமே உள்வாங்குவது. வீடு கட்டும்போது அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகத் திமிசு போடாமல் விட்டதன் பலன் இது. பத்து வருஷத்திலும் தெரியலாம், முப்பது வருஷத்திலும் தெரியலாம். நான்காவது, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு உண்டான மேடுகள். குழாய் வைக்க ஒரு முறை, பழைய அடுப்பு மேடையை இடித்தபோது ஒரு முறை, மின்சாரக் கம்பிக்கு ஒரு முறை என்று வெட்டி மூடிய தழும்புகள்.

இவற்றில் எது எது நம் வீட்டில் இருக்கிறது என்று அறிவதற்கு எஞ்சினியர் வேண்டியதில்லை. மாலையில் சமையல் முடிந்ததும் தரையை நன்றாகக் கழுவி, இரண்டு குடம் ஜலத்தைப் பரவலாக ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். எங்கெங்கே ஜலம் தேங்குகிறதோ, அதன் கரையோரமாகச் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். அதுவே உங்கள் அடுக்களையின் பூகோளப் படம். பிறகு ஆறடி நீளமுள்ள நேரான மட்டப்பலகை ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாகத் தரையில் வைத்து, பலகைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உயரம் காண்பதற்கு நம் கொத்தனார்கள் கையாளும் தண்ணீர்க் குழாய்க்கு இணையான கருவி இன்னும் தோன்றவில்லை என்பது நமது அபிப்பிராயம். இருபதடி நீளத்தில் ஒரு விரல் பருமனுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு நுனியை ஒரு சுவரிலும் மறு நுனியை எதிர்ச் சுவரிலும் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நான்கு சுவரையும் சுற்றி வந்து, அந்தக் கோட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தால், எந்த மூலை தாழ்ந்தது, எது உயர்ந்தது என்பது அரைக்கால் அங்குலம் பிசகாமல் தெரிந்துவிடும். குழாயினுள் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கலாகாது. இருந்தால் கணக்குப் பொய்த்துப்போகும். லேசர் ஒளிக்கோடு போடும் யந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன. நல்லவைதாம். ஆனால் தண்ணீருக்கு மின்கலம் மாற்ற வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தரை 'சமமாக' இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் இரண்டு அர்த்தங்கள் கலந்து கிடக்கின்றன. மேடு பள்ளமின்றி ஒரே பரப்பாக இருப்பது ஒன்று. ஒரு பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக இருப்பது மற்றொன்று. கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்தால் அது கிடைமட்டமாக இல்லை. ஆனால் மேடு பள்ளமும் அதில் இல்லை. டைலுக்கு வேண்டியது முதலாவதுதான். அமெரிக்காவில் இத்தொழிலுக்கென வகுத்திருக்கும் விதிகளும் இதையே கேட்கின்றன: சாதாரண டைலுக்குப் பத்தடி நீளத்தில் கால் அங்குலத்துக்கு மேல் மேடு பள்ளம் கூடாது, ஒரு பக்கமாவது பதினைந்து அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பெரிய டைலானால் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் கூடாது. டைல் பெரிதாக ஆக அடித்தளம் இன்னும் செம்மையாக இருக்கவேண்டும் என்பது இதன் தாத்பரியம். நம் ஊரிலோ, "தரை மோசமாக இருக்கிறது, பெரிய டைலாகப் போட்டு மறைத்துவிடலாம்" என்று இதற்கு நேர் எதிரான யோசனை சொல்கிறவர்களே அதிகம்.

ஆனால் மேனாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. அங்கே அடுக்களையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள்; ஜலம் கொட்டிக் கழுவுவதில்லை. தரையில் ஜலதாரையும் இல்லை. ஆகவே கிடைமட்டத் தரை அவர்களுக்குப் பொருந்தும். நம்மில் இன்னும் தரையைக் கழுவும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய வீட்டில் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது ஜலதாரைப் பக்கம் வாட்டம் இருந்தே தீரவேண்டும். அடுக்கு மாடி வீடுகளில் அடுக்களைக்கு ஜலதாரையே வைக்காமல் கட்டுகிறார்கள். அங்கே ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகப் பதிப்பதுதான் சரி. உங்கள் வீடு எந்த வகை? இதைத் தீர்மானம் செய்ய வேண்டியவர் கொத்தனார் அல்லர், வீட்டு எஜமானரும் அல்லர். அடுக்களையில் வேலை செய்கிறவர் யாரோ அவரே தீர்மானிக்க வேண்டும். ஜலம் எந்தப் பக்கம் ஓடினால் சௌகரியம், எங்கே நின்று நறுக்குகிறோம், எங்கே உட்கார்ந்து துருவுகிறோம், சிலிண்டர் எங்கே நிற்கும், அரிசி டின் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே அவர் வாயால் சொல்லச் சொல்லி, கொத்தனார் காது கொடுத்துக் கேட்கும்படி செய்யவேண்டும். பணம் கொடுப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வேலையை ஆரம்பிக்கிற கொத்தனார்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனிப் பரிகாரம். தரை முழுவதும் உள்வாங்கியிருந்தாலோ, காலால் தட்டினால் அதிர்ந்தாலோ, அதன்மேல் எதையும் போடுவது வீண். பழைய தரையைப் பெயர்த்து, மணலிட்டுத் தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு, ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி என்ற கணக்கில் நான்கு அங்குலக் கான்கிரீட் புதிதாகப் போடவேண்டும். செலவுதான். ஆனால் அதைத் தப்பித்துக்கொள்ள முயல்கிறவர்கள் இரண்டு தடவை டைல் வாங்குகிறார்கள்.

அடித்தளம் உறுதியாக இருந்து மேற்பரப்பில் மட்டும் கோணல் என்றால் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அப்போதும் முதலில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடிப் பரப்பில், ஓர் அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால் அதன் பாரம் சுமார் 500 கிலோ. கீழ்த்தளத்தில் கவலையில்லை. மாடியிலுள்ள அடுக்களையில், அதுவும் பழைய தட்டோட்டுத் தளமாக இருந்தால், இரண்டு அங்குலக் கலவையும் டைலும் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் புதுப் பாரம் ஏறும். அங்கே மேட்டைச் செதுக்கிக் குறைப்பதே உத்தமம். பள்ளத்தை நிரப்புவது மத்திமம். தகுந்தவரைக் கேளாமல் இரண்டையும் செய்வது அதமம். தரை உயர்ந்தால் கதவு தட்டும், நிலைப்படி குட்டையாகும், கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே கால் தடுக்கும் படி ஒன்று புதிதாக முளைக்கும். ஜலதாரையின் வாயையும் அதே அளவு உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். இதையெல்லாம் சுவரில் போட்ட மட்டக்கோட்டிலிருந்து முன்னதாகவே கணக்கிட்டுவிடலாம்.

பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையும் கடப்பைக்கல் தரையும் காலாலேயே மெழுகேறி வழவழப்பாக இருக்கும். போதாததற்கு, வருஷக்கணக்காகத் தாளித்த எண்ணெய் அதில் ஊறியிருக்கும். எண்ணெயின்மேல் சிமெண்டு பிடிக்காது. சலவைச் சோடா கரைத்த சுடுநீரால் தேய்த்துக் கழுவி, பிறகு தரை முழுவதும் உளியால் அம்மி கொத்துவதுபோல் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். பெயர்ந்து வருவதெல்லாம் வரட்டும். தூசைக் கூட்டி, தரையை நனைத்து, சிமெண்டுப் பால் தெளித்து, அது காய்வதற்குள் கலவையைப் போட வேண்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யாததால் ஆகும் சேதம், மற்ற எல்லாப் பிழைகளாலும் ஆகும் சேதத்தைவிட அதிகமென்றே நினைக்கிறோம்.

கலவை போடுவதற்குமுன் மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக மட்டப் புள்ளிகள் வைத்து, நூல் பிடித்து, வாட்டத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்ல கொத்தனாரின் வழக்கம். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல். தண்ணீர் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம். புள்ளிக்குப் புள்ளி மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாகவே விட வேண்டும். அதன்பின் ஏழு நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். இந்த ஏழு நாள்தான் நம் குடும்பங்களுக்குப் பெரிய சோதனை. அடுக்களை இல்லாமல் ஏழு நாளா? கூடத்து மூலையில் அடுப்பை வைத்துக்கொண்டு, ரசமும் துவையலுமாக ஒப்பேற்றலாம், தவறில்லை. முதல் நாள் கலவை, மறுநாள் டைல், மூன்றாம் நாள் பால் காய்ச்சுவது என்று கிரகப்பிரவேச அவசரத்தில் செய்யும் காரியம் ஆயுசுக்கும் அரிக்கும். பள்ளம் கால் அரை அங்குலத்துக்குள் அடங்குமானால், ஊற்றியவுடன் தானே பரவி மட்டமாகும் கலவை பைகளில் விற்கிறது. விலை அதிகம். அது கிடைமட்டமாகவே நிற்கும் சுபாவம் உடையதாதலால் வாட்டம் வேண்டிய அடுக்களைக்கு உதவாது.

இப்போது டைலுக்கு வருவோம். இந்தத் தேசத்தில் பணம் படைத்தோர் மாளிகைகளில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரத்து மிண்டன் டைல்களைக் கப்பலில் வரவழைத்துப் பதித்துப் பெருமை கொண்ட காலம் ஒன்று இருந்தது. செட்டிநாட்டு வீடுகளிலும் ஐரோப்பிய டைல்களும் ஜப்பானிய டைல்களும் இன்றும் காணக்கிடைக்கின்றன. அந்த மோகத்துக்கு எதிராகச் சுதேசி உணர்ச்சியோடு 1922-ஆம் வருஷத்தில் பிரோஜ்ஷா சித்வா என்ற பார்ஸி கனவான் சிமெண்டு டைல் தொழிற்சாலை ஒன்றை ஆரம்பித்தார். பாரத் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நூலில் மட்டுமல்ல, காலடித் தரையிலும் சுதேசியம் புகுந்த கதை அது.

நம் பக்கத்தில், காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடி கிராமத்தில் இன்றும் கையாலேயே பூக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின்மேல் தகட்டச்சை வைத்து, அறை அறையாக வர்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் தூவி, கலவையிட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியைப் பட்டிருந்த முகமே கண்ணாடிபோல் பளபளக்கிறது. நடக்க நடக்க மெருகேறும் கல் இது. ஆனால் அடுக்களையில் போட உத்தேசிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சிமெண்டுக்கும் புளிப்புக்கும் ஆகாது. எலுமிச்சை, புளி, மோர் எது சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். மஞ்சளும் கறை பிடிக்கும். துடைக்க ஆளும் பொறுமையும் உள்ள வீட்டுக்கு இது. அவசரக் குடும்பத்துக்குக் கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

கடையில் மிகுதியாக விற்பவை குஜராத்திலுள்ள மோர்பி என்னும் ஊரைச் சுற்றிச் செய்யப்படுகின்றவை. அவற்றில் இரண்டு ஜாதி. சாதாரண மண் டைல் ஜலத்தை உறிஞ்சும். பதிக்குமுன் ஊறவைக்க வேண்டும். சிமெண்டுப் பாலை அது பற்றிக்கொள்ளும். விட்ரிஃபைடு என்னும் பளிங்கு டைலோ தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் ஜலம் உறிஞ்சாது. உறிஞ்சாத பொருளைச் சிமெண்டுப் பால் எப்படிப் பிடிக்கும்? அதற்கென்று விற்கும் ஒட்டுப்பசையைக் குழைத்து, பல் வைத்த கரண்டியால் தரை முழுவதும் கோடு கோடாக வாரி, அதன்மேல் டைலை அழுத்திச் சற்றே அசைத்து உட்கார்த்த வேண்டும். பத்துக்கு ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்து, முதுகு முழுவதும் பசை பட்டிருக்கிறதா என்று சோதிப்பது நியாயமான கொத்தனாருக்குக் கோபம் உண்டாக்காது. இந்தப் பசை மேடு பள்ளத்தை நிரப்புவதற்கு ஏற்பட்டதல்ல. கால் அங்குலத்துக்குள் நிற்க வேண்டியது. அடித்தளத்தை முதலில் சரிசெய் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்டமுள்ள அடுக்களைக்கு ஓரடி டைல், சொரசொரப்பான முகம், இவ்வளவு போதும். இரண்டடி டைலை இரு பக்கச் சாய்வில் பதிக்க வேண்டுமானால் குறுக்கே வெட்டித்தான் ஆகவேண்டும். டைலுக்கும் டைலுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து விடச் சொல்லுங்கள். சுவரோரமாகக் கால் அங்குலம் விடச் சொல்லுங்கள். சுவரடிப் பட்டை அதை மறைத்துவிடும். சந்தே தெரியாமல் நெருக்கிப் பதிப்பதை அழகென்று எண்ணுகிறார்கள். வெயிலிலும் ஈரத்திலும் டைல் சிறிது விரியும். விரிய இடமில்லாவிட்டால் ஒரு நாள் நடுவிலே கூடாரம்போல் இரண்டு டைல் எழும்பி நிற்கும்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. டைல் பதிக்கச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். பேசும்போது அடித்தளத்தை ஒழுங்கு செய்யும் வேலை அந்தக் கணக்கில் வருவதேயில்லை. கொத்துவதும், கழுவுவதும், புள்ளி வைப்பதும், ஏழு நாள் காத்திருப்பதும் கொத்தனாருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டு நன்றாகச் செய் என்று யாரைக் கேட்க முடியும்? பெரும்பாலான கொத்தனார்களுக்குச் சரியான முறை தெரியாமல் இல்லை. அதற்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். ஆகவே தரை மட்டம் செய்வதற்குத் தனியாக, முன்னதாக, மனமாரக் கூலி பேசுங்கள். டைலில் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கினாலும் பாதகமில்லை. அந்தப் பணம் கீழே போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டைலை யந்திர வாளால் காய்ந்தபடியே அறுக்கும்போது வெண்புகைபோல் தூசி பறக்கிறதே, அதில் உள்ள நுண்ணிய படிக மணல்தூள் நுரையீரலில் படிந்து நிரந்தரமாகக் கெடுக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்நோய்க்கு முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது. சமையல் மேடைக்கென்று செயற்கையாகச் செய்யும் கல்லை அறுப்பதால் தொழிலாளர்களுக்கு இந்நோய் பரவியதைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அக்கல்லையே தடை செய்துவிட்டது. நம் வீட்டில் அறுக்கும் பையனோ ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான். கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் ஒருவர் ஜலம் ஊற்றிக்கொண்டே இருந்தால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். தக்க முகமூடி ஒன்று வாங்கித் தருவது டைல் பெட்டி ஒன்றின் விலைகூட ஆகாது. வெளியிலே, காற்றாட, ஜலம் ஊற்றி அறுக்கச் சொல்லும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு உண்டு. வீட்டுக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமலிருப்பது போலவே அந்தப் பையனையும் நினைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் உடனே கணக்குத் தீர்க்க வேண்டாம். சந்துப்பூச்சு இரண்டு நாள் காயட்டும். பிறகு அடுக்களையில் வேலை செய்கிறவரே ஒரு குடம் ஜலத்தை மேற்கோடியில் ஊற்றிப் பார்க்கட்டும். ஜலம் தேங்காமல் ஜலதாரைக்குப் போய்ச் சேர வேண்டும். வெறுங்காலால் எல்லாச் சந்துகளின்மேலும் நடந்து பார்க்கட்டும். கட்டைவிரலில் எங்கேயும் விளிம்பு இடறக் கூடாது. நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டி, பொள்ளல் கேட்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைக்கட்டும். புள்ளி வைத்த டைல்களை மாற்றியபின் கடைசித் தவணையைக் கொடுக்கலாம். மிச்சமான டைல்களில் அரை டஜனைப் பரணில் போட்டு வைப்பதும், பெட்டியின் மேலுள்ள வர்ண எண்ணைப் பால் கணக்கு நோட்டில் எழுதி வைப்பதும் உசிதம். அடுத்த வருஷம் அதே வர்ணம் கடையில் கிடைக்காது.